தூளிக்கு ஷிப்ட் போட்ட நாள்

தூங்காத குழந்தை போடும் சத்தம் கொஞ்சம்தான். அதைத் தூங்க வைக்க வந்தவர்கள் போடும் சத்தம்தான் பெரிசு. சித்தியின் குழந்தைக்குக் காது குத்தப் புறப்பட்ட அன்று இதை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்போது எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் நான் கற்றது குறைவு, அதிலும் பாதியை மறந்துவிட்டேன். கவலைப்படுவதை மட்டும் யாரும் சொல்லித்தராமலே முழுசாகக் கற்றிருந்தேன். நாலு தூறல் விழுந்தால் செம்பரம்பாக்கம் ஏரி எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும் என்று புத்தகப்பையைப் பரண்மேல் ஏற்றிவிடுவேன். நாம ஏரிக்கு மேல்பக்கம் இருக்கிறோம், தண்ணி இந்தப் பக்கம் ஏறி வராது என்று அப்பா எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது. தண்ணிக்கு அது தெரியணுமே.

காதுகுத்துக்கு ஏற்கனவே ஒரு தரம் கிளம்பி, பாதி வழியில் திரும்பியிருந்தோம். சித்தப்பா வீட்டுக் குலசாமி கோயில் உத்திரமேரூர் தாண்டி உள்ளே இருக்கிறது. ஐந்தாம் மாசத்தில் வேன் வைத்துக்கொண்டு போனபோது, வாலாஜாபாத் வருவதற்குள் குழந்தை அழுது அழுது, குடித்த பாலையெல்லாம் கக்கி, தொண்டை கட்டிப்போய் விட்டது. சித்தப்பா பயந்துபோய் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். கோயிலில் பொங்கல் பானையோடு காத்திருந்தவள் சித்தப்பாவின் அக்கா. எனக்கு அத்தை முறை. அவள் போனில் போட்ட போடு இருக்கிறதே!

“ஒரு கொயந்தைய தூங்க வைக்கத் தெரில. இன்னா பொம்பள அவ?”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த ஒற்றைப்படை மாசம் ஏழு. அது முடிந்ததும் சித்தி வேலைக்குத் திரும்பவேண்டும். திரும்பிய கையோடு லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகத்தில் முழிக்க முடியாது. ஆகவே இந்தத் தரம் குழந்தை வழியில் நன்றாகத் தூங்கியே ஆகவேண்டும். சிரித்த முகமாகக் கோயிலில் இறங்கவேண்டும். உச்சிவேளையில் எமகண்டம் பிறப்பதற்குமுன் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காதைக் காட்டவேண்டும். சித்தியின் மானம் முழுவதும் ஏழு மாசக் குழந்தையின் இமையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதை மூடினால் போதும்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். விடியும்போதே எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றினால் அடித்துப் போட்டமாதிரி தூங்கும் என்றாள் அம்மா. பக்கத்து போர்ஷனில் இருந்த திருநெல்வேலிக்கார அக்கா, “வயிறு முட்டக் குடுத்துராதீய, வண்டி குலுங்குனா கக்கிரும்” என்று எச்சரித்தாள். சித்தி, தான் கட்டிக் கசங்கிய பழம்புடவை ஒன்றைத் துவைக்காமல் எடுத்து வைத்தாள். அந்த வாசனை இருந்தால் இடம் மாறியது குழந்தைக்குத் தெரியாதாம்.

தாய்மாமன் என்றால் என் மாமாதான். அம்மாவுக்கும் சித்திக்கும் ஒரே தம்பி. சித்தப்பாவும் அப்பாவும் வேலை பார்த்த கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். முதலாளியிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு அதே பஸ்ஸை வாங்கிவந்துவிட்டார். சாமான் வைக்கும் கம்பியில் சித்தியின் புடவையைத் தூளியாகக் கட்டினார்கள். அதிலிருந்து ஆட்டுவதற்கு ஒரு கயிறு.

சித்தப்பா கம்பெனியில் லைன் லீடர், ஒரு வரிசை ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர். கயிற்றைப் பார்த்ததும் அவருக்கு உள்ளே இருந்த லீடர் எழுந்துவிட்டார். தூளிக்கு ஷிப்ட் போட்டார். முதலில் அம்மா, அடுத்து நான், எனக்கு ரிலீவர் அப்பா.

“ரிலீவர் வந்து கயித்தப் புடிச்சாதான் நீ கைய எடுக்கணும். லைன் நிக்கக் கூடாது. புரிதா பாப்பா?”

புரிந்தது. புரிந்ததும் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துப் பார்த்துக்கொண்டேன்.

பஸ் வடக்குப்பட்டைத் தாண்டுவதற்குள் குழந்தை அழ ஆரம்பித்தான். சித்தப்பா சாவிக்கொத்தை ஆட்டினார். அப்பா, நைட் ஷிப்ட் முடித்து அப்படியே வந்த கண்ணோடு, காக்கா மாதிரி கத்திக் காட்டினார். அம்மா தாலாட்டை எடுத்தாள். அவள் கேன்டீனில் வேலை செய்பவள், ஐம்பது பேருக்குக் கேட்கும்படி பேசித்தான் பழக்கம். காதுகுத்துக்குக் கூட வந்த சித்தப்பாவின் லைன் ஆட்கள் பின்சீட்டிலிருந்து கை தட்டினார்கள். ஸ்டியரிங்கில் இருந்த மாமாவுக்கும் சும்மா இருக்க மனசில்லை.

“ஹாரன் அடிக்கட்டா? அதுக்கு அடங்கும்.”

“சத்தம் போடாதீங்க!” என்று எல்லோரும் சத்தம் போட்டார்கள்.

குழந்தை சிவந்துபோனான். சித்தி தூளியை ஒட்டிய ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, ஒரு கையைத் தூளிமேல் வைத்தபடி கண்ணை மூடி சாமியைக் கும்பிட்டாள்.

அப்புறம்தான் அது நடந்தது. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்த கம்பெனிக்காரர்களுக்கு ஒன்று ஆகும். சீட்டில் முதுகு பட்டு, வண்டி ஒரே சீராக ஓட ஆரம்பித்தால், பட்டன் அமுக்கினதுபோல் அணைந்துவிடுவார்கள். பின்சீட்டுக்காரர்கள் முதலில் போனார்கள். சித்தப்பா சாவிக்கொத்தைத் தூக்கிப் பிடித்த கையோடு, பேச்சின் நடுவிலேயே போனார். அம்மா கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுச் சாய்ந்தாள். அப்பா எப்போது போனார் என்று தெரியவில்லை, குறட்டைதான் சொன்னது. கடைசியாக சித்தியின் கை தூளியிலிருந்து நழுவி அவள் மடியில் விழுந்தது.

பஸ்ஸில் இஞ்சின் சத்தமும் குறட்டையும் மட்டும்தான். குழந்தை இரண்டு விக்கல் விக்கினான். சுற்றிலும் யாரும் தன்னைத் தூங்க வைக்கவில்லை என்று தெரிந்ததும் கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டான்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ஆட்டினது நான்தானே! அந்தச் சந்தோஷம் ஒரகடம் கூட்ரோடு வரைக்கும் இருந்தது. வாலாஜாபாத்துக்கு அங்கே நேராகப் போகவேண்டும். போன தரம் அப்படித்தான் போனோம். பஸ் திரும்பியது.

“மாமா” என்றேன் மெதுவாக. தூளிக்குள் உதடு கோணியது. வாயை மூடிக்கொண்டேன். எழுந்துபோய்ச் சொல்லலாம் என்றால் கயிற்றை விடக்கூடாது. காலை நீட்டி ரிலீவரின் முட்டியில் ஓர் இடி இடித்தேன்.

“ஸ்டாப் வந்தா எயுப்பு” என்று சொல்லிவிட்டு அப்பா மறுபக்கம் சாய்ந்தார்.

கம்பெனி கேட்டுக்கு முன்னால் ஒரு வேகத்தடை உண்டு. அதில் பஸ் ஏறி இறங்கியதும், சுற்றிலும் கம்பெனிக்காரர்கள் படபடவென்று எழுந்தார்கள். கண்ணைத் திறப்பதற்குள்ளேயே கை நெஞ்சில் ஐடி கார்டைத் தடவியது. சித்தப்பா பட்டுவேட்டியோடு இறங்கி, வரிசையில் நிற்க கேட் வரைக்கும் நடந்தே போய்விட்டார். செக்யூரிட்டி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா சார், ஞாயித்துக்கிழம ஓவர்டைமா? பட்டு வேட்டிலாம் கட்டிக்கினு வந்துகீற?”

சித்தப்பா கேட்டைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். திரும்பி பஸ்ஸைப் பார்த்தார். “யோவ் மச்சான்! இங்க எதுக்குய்யா இட்டாந்த?”

மாமா தலையில் கையை வைத்துக்கொண்டார். “நான் இன்னா மாமா பண்றது? பின்னால கொறட்ட கேட்டா கை தானா இங்கதான் திரும்புது.”

அப்பாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு செக்யூரிட்டிக்கு. அப்புறம் பஸ்ஸே குலுங்கியது. போச்சு, குழந்தை எழுந்துவிடும் என்று நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், தூளி ஓரத்தில் ஒரு குட்டித் தலை. எழுந்துவிட்டான். ஆனால் போதுமான அளவு தூங்கியவன். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, ஏதோ தனக்காக ஏற்பாடு செய்ததுபோல் அவனும் கெக்கெக்கே என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பிலும் சித்தி எழுந்திருக்கவில்லை. வேகத்தடைக்கும் எழவில்லை. ஜன்னலில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து தூங்கினாள். அம்மாதான் முதலில் கவனித்து, விரலை உதட்டில் வைத்தாள். பஸ் கப்சிப் ஆனது. குழந்தை அழுதபோது வாய் மூடத் தெரியாத அத்தனை பேரும் மூடினார்கள். ரிவர்ஸ் எடுத்தால் வண்டி கூவும் என்று மாமா சுற்றிப்போய்த் திருப்பினார். சித்தப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

கோயில் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. அத்தை வாசலிலேயே நின்றாள். குழந்தை அவளிடம் தாவிப்போய் மூக்குத்தியைப் பிடித்தான். அதற்கெல்லாம் மயங்குகிறவள் இல்லை.

“அவ எங்க?”

“வண்டில தூங்கினு கீறா” என்றாள் அம்மா.

அத்தை குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறினாள். நாலு பிள்ளை பெற்றவள், உடம்பு பெரிசு, படிக்கட்டே முனகியது. இப்போது கேட்கும், இப்போது கேட்கும் என்று காதைப் பொத்திக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. இறங்கிவந்து பூசாரியிடம், “கொஞ்சம் பொறுங்க” என்றாள்.

கொஞ்சம் என்பது நீண்டுகொண்டே போனது. ஒருவரும் சித்தியை எழுப்பப் போகவில்லை. எல்லோரும் மறந்துவிட்டார்கள், எனக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது என்று தோன்றி, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அத்தையிடம் போனேன்.

“அத்த, எமகண்டம் வந்துடும்.”

“வந்தா வந்துட்டுப் போவுது. அதுக்கப்புறம் நல்ல நேரமே இல்லியா? நீ போயி அந்த ஆட்ட வெரட்டு, வண்டியாண்ட மணிய ஆட்டிக்கினு கீது.”

நல்ல நேரம் குறித்தவளே அவள்தான். குழந்தை தூங்கவேண்டும் என்றார்கள், தூங்கியாயிற்று. சிரிக்கவேண்டும் என்றார்கள், மாமா தோளில் உட்கார்ந்து ஊரையே பார்த்துச் சிரிக்கிறான். பிறகு எதற்கு இந்தக் காவல்? ஒன்றும் விளங்காமல் ஆட்டை வேலி வரைக்கும் துரத்திவிட்டுத் திரும்பினேன்.

வெயில் சாய்ந்து சித்தியின் ஜன்னலுக்கு நேராக வந்திருந்தது. அந்த ஜன்னலுக்கு வெளியே அத்தை இரண்டு கையையும் தூக்கி, முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு, உள்ளே பார்த்தபடி அசையாமல் நின்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. அம்மாவிடம் ஓடினேன்.

“அம்மா, அத்த சித்திய மொறைச்சிக்கினு நிக்குது. சித்தி எயுந்தா தொலஞ்சிது!”

அம்மா திரும்பிப் பார்த்தாள். கரண்டியைப் பானையில் விட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அம்மாமேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சித்திக்கு இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் துணை என்று முடிவு செய்துகொண்டு, அவள் எழுந்ததும் அவளுக்காக அத்தையிடம் என்ன சமாதானம் சொல்லலாம் என்று பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தேன்.