புளி போட்டுத் தேய்த்த புத்தர்

மலாயாவில், எங்கள் ரப்பர்த் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் என் புருஷனுக்கு இடம் வாசலுக்கு வெளியே. எனக்கும் அங்கேதான். நாங்கள் தீண்டாத சாதி. திருநீற்றைக்கூடக் கைபடாமல் மேலிருந்து போடுவார்கள். எனக்குப் பழகிவிட்டது. அவருக்குப் பழகவேயில்லை.

ஈப்போவில் எங்கள் ஆட்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, நம் முன்னோர் புத்தரைக் கும்பிட்டவர்கள் என்று பேசினார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்தவர், "புள்ள, நாம தொட்டுக் கும்புடுற சாமி ஒண்ணு வாங்கலாம்" என்றார். எனக்கு எரிச்சல். நான் மாரியாத்தாளுக்கு நேர்ந்துகொண்டவள். வாசலில் நின்று நேர்ந்தாலும் நேர்ச்சை நேர்ச்சைதான். ஆனால் அவருக்கு மலாய் தெரியாது. கடையில் பேச நான்தான் போக வேண்டியிருந்தது.

ஈப்போ சீனக் கடைக்காரன் முதலில் தொந்தி பெருத்துச் சிரிக்கிற சிலையை எடுத்து வைத்தான்.

"இது நம்ம கங்காணி மாதிரியில்ல இருக்கு! காலைல பேர் கூப்புடுற பெரட்டுல அவன் மூஞ்சியப் பாக்குறது போதாதா?" என்றார் இவர். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு கண்ணைத் தாழ்த்தி உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன மரப் புத்தரை எடுத்தார். தங்கப் பூச்சு. எடுத்தவர் கீழே வைக்கவில்லை. வாங்குகிறோம் என்று நான் மலாயில் சொன்னேன். கடைக்காரன் கையை ஆட்டினான்.

"பெலி இல்ல லா. ஜெம்புட்."

பெலி என்றால் வாங்குவது. ஜெம்புட் என்றால் அழைத்துப்போவது.

"என்ன சொல்றான்?"

"வாங்குறேன்னு சொல்லக்கூடாதாம். விருந்தாளியாட்டம் கூப்புடணுமாம். கூப்புட்டா நடந்தா வரப்போவுது? அப்புறம் காசு எதுக்காம்?"

அவர் சிலையிடம் குனிந்து, "வாங்க சாமி, நம்ம லயத்து வீட்டுக்குப் போலாம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்காரன் என்னிடம் இன்னும் ஏதோ சொன்னான்: தண்ணீர் படக்கூடாது, தூசியை இறகால் தட்டினால் போதும்.

"இப்ப என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. போய்ட்டு வாங்கங்கிறான்."

பௌர்ணமியன்று நான் விறகு பொறுக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால், லயத்துக்குப் பின்னால் புளி, சாம்பல், தேங்காய் நார் சகிதம் அவர் குந்தியிருக்கிறார். பொன்னிறமாய் எதைப் பார்த்தாலும் எங்கள் ஆட்களுக்குப் புளி நினைவுதான் வரும். குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் தேய்த்திருக்கிறார். புத்தருக்கு முகம் இல்லை. கண்ணும் வாயும் போய் வெறும் மரம் தெரிந்தது. புளித்தண்ணீரில் தங்கம் மினுங்கியது.

அவர் சிலையைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தொட்டதாலயா புள்ள? கோயில்ல அவனுங்க சொல்றது நெசந்தானோ?"

கோயில்காரர்கள்மேல் வந்த கோபமா, என்மேல் வந்த கோபமா தெரியாது. கத்தினேன்.

"ஒன் கையுமில்ல, காலுமில்லய்யா! தண்ணியே படக்கூடாதுன்னு அந்தச் சீனன் சொன்னான். நான்தான் ஒங்கிட்ட சொல்லல."

அடிப்பார் என்று நின்றேன். அடித்திருந்தால் தேவலை. அவர் முகம் தெளிந்தது.

"அப்ப என் கையில குத்தமில்ல?"

"இல்ல."

"நெசமா?"

"இல்லன்னு சொல்றேன்ல!"

வேட்டி நுனியால் புத்தரை ஒற்றி எடுத்து, இரண்டு கையாலும் தூக்கி, சாமிக்கென்று சுவரில் அடித்திருந்த பலகையில் மறுபடி வைத்தார். கும்பிட்டார்.

அன்றிலிருந்து கோழி இறகால் தூசி தட்டுவது என் வேலை. முகமில்லாத இடத்தில் இறகு படும்போதெல்லாம் என் கை கூசும். ஏன் சொல்லவில்லை என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு வார்த்தை சண்டை போட்டாவது தீர்த்திருப்பேன்.