தையல் அறைக் காற்று

சாயங்காலம் நாலரை மணிக்கு அலுவலகத்தில் இருந்தபோது ஃபோன் வந்தது. தைத்த சட்டைகளைக் கொடுக்கத் துணிக்கடைக்குப் போன அத்தான், நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாராம். தண்ணீர் வருவதற்குள் உயிர் போய்விட்டது. தகவல் சொன்ன கடைக்காரருக்கு நன்றி சொன்னேன். பாதியில் இருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். தூங்கும்போதும் கழுத்தில் அளவு நாடா கிடக்கும் என்பதால் தெருவில் அவருக்கு ‘டேப்பு’ என்று பெயர். பேக்கரிக்கு மேலே இரண்டு அறை வீடு. முன்னறையில் தையல் மெஷின், வெட்டும் மேசை, இஸ்திரிப் பெட்டி. பின்னறையில் மூன்று பேரும் படுப்பார்கள்.

குளிர் தொடங்கினால் அவர்கள் மகளுக்கு இளைப்பு வந்துவிடும். போன குளிரில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டாவது முறை டாக்டர் வீட்டைப் பற்றி விசாரித்தார். ஜன்னலைத் திறப்பீர்களா, கொசுவர்த்தி கொளுத்துவீர்களா, ஈரத்துணியை எங்கே காயப்போடுவீர்கள் என்றெல்லாம் கேட்டார். அத்தான் எதையும் மறைக்கவில்லை. பிள்ளைக்குக் குளிர்க்காற்று படக்கூடாது என்று அவர் வெட்டி மிஞ்சிய துணித் துணுக்குகளை அடைத்து, நீளநீளமாகத் தலையணை தைத்து, ஜன்னல் இடுக்குகளில் செருகியிருந்தார். விளிம்பில் பட்டை வைத்து அழகாகவே தைத்திருந்தார்.

வெளியே வந்ததும் என்னிடம், “தூசி வெளிய போயிடாம நானே தைச்சு மூடி வெச்சிருக்கேன், மாப்ள” என்றார்.

அன்றைக்கே தலையணைகளை எடுத்துப் போட்டார். வெட்டும் மேசை படிக்கட்டுத் திருப்பத்துக்குப் போனது. மேல்வீட்டுக்காரர் ஏறி இறங்கும்போதெல்லாம் முணுமுணுத்தார். கொசுவர்த்தியை நிறுத்தினார்கள். பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைத்தார்கள். துவைத்ததெல்லாம் மாடியில் காய்ந்தது.

காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஒன்றையும் அத்தானே மாட்டினார். அதன் பிறகு வீடு முழுக்க பன் வாசனை. கீழ் பேக்கரியில் ஏதோ விசேஷம் என்று நினைத்தார்கள். பிள்ளை இருமத் தொடங்கிய பிறகுதான் ஃபேனைத் திருப்பி மாட்டியிருப்பது தெரிந்தது. பேக்கரி அடுப்புப் புகையையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

“டேப்பு சாரே, இது புகையை அனுப்புற ஃபேனா, பன்னைக் கூப்பிடுற ஃபேனா?” என்றாள் அக்கா.

“உள்பக்கத்தை வெளிய வெச்சுத் தைச்சுட்டேன். பிரிச்சுத் தைக்கணும்” என்று ஸ்டூலில் ஏறினார்.

இந்தக் குளிர் தொடங்கி ஒரு மாதமாகிறது. பிள்ளைக்குச் சளி வந்தது, போனது. இளைப்பு வரவில்லை. அதை வெளியே சொல்ல அத்தான் பயந்தார். சொன்னால் வந்துவிடுமாம்.

கடையிலிருந்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது முன்னறை நிரம்பிவிட்டது. குளிருகிறது என்று பெரியம்மா ஜன்னல்களைச் சாத்தினார். யாரோ ஊதுபத்தியைக் கட்டோடு கொளுத்தி வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை இருமினாள். அப்புறம் இளைப்பின் அந்த விசில் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து, ஊதுபத்திகளை அப்படியே சொம்புத் தண்ணீரில் அமிழ்த்தினாள். ஜன்னல்களைத் திறந்தாள்.

“சாவு வீட்டுல பத்தி இல்லாம எப்படிம்மா?” என்றார் பெரியம்மா.

“பிள்ளைக்கு ஆகாது பெரியம்மா. அவர் இருந்தா விட்டிருக்க மாட்டார்.”

பாதிப் பேர் சால்வையைப் போர்த்திக்கொண்டு படிக்கட்டில் போய் நின்றார்கள். பிள்ளைக்கு இன்ஹேலர் கொடுத்து, திறந்த ஜன்னலருகே மடியில் வைத்திருந்தேன். மூச்சு மெல்லச் சீரானது. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

அவரை அனுப்பிவைத்து நான்கு நாளாகிறது. நான் இங்கேதான் இருக்கிறேன். பின்னறையில் அக்காவும் பிள்ளையும் தூங்குகிறார்கள். அந்த ஜன்னலை இரவிலும் திறந்து வைக்க அத்தான் கொசுவலை தைத்துக்கொண்டிருந்தார். அது மெஷின் மேல் இருக்கிறது. மூன்று பக்கம் மடித்துத் தைத்திருக்கிறார். நான்காவது பக்கத்தில் குண்டூசி மட்டும் குத்தியிருக்கிறது.