பெட்டி ராணி

ஓரின் டாக்கெட் ஒரு கத்தியை நல்ல கத்தி என்று சொல்லிவிட்டால் அந்தப் பள்ளத்தாக்கில் அதற்கு மேல் பேச்சில்லை. கிழக்குக் கென்டக்கி மலைச்சாலைகளில் வீடு வீடாகப் போய் எரிவாயு நிரப்பும் லாரி ஓட்டுவது அவர் தொழில். ஆசை என்னவோ கத்திமேல்தான். கையில் கிடைத்த கத்தியைப் படாத பாடு படுத்துவார். முள் வெட்டுவார், விறகு பிளப்பார், மான் உரிப்பார். கடைசியில் அதே கத்தியால் மனைவி நேவாவின் பலகையில் வெங்காயம் நறுக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொள்வார். அதன் பிறகுதான் கத்திப் பிரியர்கள் கூடும் இணையப் பக்கத்தில் நாலு வரி எழுதுவார்.

வாங்கிய கத்தியால் ஒரு நூலைக்கூட அறுக்காமல், இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்து அழகு பார்ப்பவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அப்படிப்பட்ட கத்திக்கு அவர்கள் வைத்த பெயர் பெட்டி ராணி. அந்தச் சொல்லைச் சொல்லும்போதே ஓரினின் உதடு ஒரு பக்கமாகக் கோணும்.

அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டுக்குத்தான் அந்த நீளக்கத்தி வந்து சேர்ந்தது.

ஜப்பானிய வீரர்கள் இடுப்பில் செருகிய குட்டை வாளின் சாயலில், ஓஹையோவில் யாரோ ஒருவர் அடித்த கத்தி. முழங்கை நீளம். கறுப்புப் பூச்சு. நுனி வளைந்து முடியாமல், உளியால் சீவியதுபோல் ஒரே வெட்டாக நின்றது. கைப்பிடியில் கறுப்புக் கயிற்றை வைர வடிவமாகப் பின்னியிருந்தார்கள். பிடி எங்கே முடிகிறது, அலகு எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி ஒரே ஓட்டம். நடுவில் தடுப்பு என்று எதுவும் இல்லை. அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் ஓரின் மயங்கி, புத்தம் புதிதாகவே வாங்கினார்.

நாலு அண்ணன்மாருக்குக் கீழே பிறந்தவர் அவர். சட்டை, பூட்ஸ், கட்டில் எல்லாம் இன்னொருவன் உடம்பு பட்டுத்தான் அவரிடம் வந்தன. வளர்ந்த பிறகு வாங்கிய லாரி பழசு, வீடு பழசு, கத்திகளும் பழசு. யாரோ எப்போதோ தீட்டிய கீறல் இல்லாத கத்தி அவர் கைக்கு வந்ததே இல்லை. இது முதல் முறை. எடுப்பார், எண்ணெய் போட்டுத் துடைப்பார், உறையில் செருகி உள்ளே வைப்பார்.

"என்ன, சக்களத்தியக் குளிப்பாட்டி முடிஞ்சுதா?" என்பாள் நேவா. "கல்யாணமான நாள்லேர்ந்து என் முதுகுல ஒரு சொட்டு எண்ணெ வச்சிருப்பியா நீ?"

"உனக்குத் துரு பிடிக்காதே நேவா."

"முட்டி ரெண்டும் பிடிச்சுத்தான் கெடக்கு. உனக்கெங்க தெரியும்!"

ஒரு சனிக்கிழமை எல்வுட் வந்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி. மரம் அறுக்கும் ஆலையில் வலது கையின் கடைசி விரல்கள் இரண்டையும் விட்டுவிட்டு வந்தவன். பீன்ஸும் சோளரொட்டியும் சாப்பிட்ட கையோடு கத்தியை வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

"யம்மாடி! வேலிக்கரை முள்ளுக்கு எனக்கும் இந்த மாதிரி ஒண்ணு வேணும்டா. எப்படி வெட்டுது?"

"அருமையான கத்தி" என்றார் ஓரின். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"உன் வாயால வந்துடுச்சுல்ல, அது போதும். திங்கக்கிழமை சொல்லி அனுப்பிடறேன்."

அவன் வண்டி கிளம்பிய சத்தம் அடங்கும்வரை நேவா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"நீ எப்போ அதால வெட்டின?"

ஓரின் கத்தியை உறையில் செருகினார்.

"இல்ல, எனக்குத் தெரியாம எங்கயாவது வெட்டினியான்னு கேக்கறேன். ஒரு தக்காளி? ஒரு அட்டைப் பெட்டி?"

"பாத்தாலே தெரியுது நேவா. அவ்வளவு நல்ல எஃகு."

"பாத்துச் சொல்ல எல்வுட்டுக்கும் கண்ணு இருக்கே. உன்கிட்ட எதுக்குக் கேட்டான்?"

மறுநாள் தேவாலயம் முடிந்து வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ஓரின் நல்ல சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, உறையோடு கத்தியை எடுத்துக்கொண்டு பின்வேலிக்குப் போனார். காட்டு ரோஜா முள் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடந்தது. கத்தியை ஓங்கினார், இறக்கினார், மறுபடி ஓங்கினார். முதல் வெட்டு விழுந்தபோது கறுப்புப் பூச்சில் வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டார். அடுத்த வெட்டுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. கட்டைவிரல் பருமன் தண்டெல்லாம் வெள்ளரிக்காய் மாதிரி அறுந்து விழுந்தது. கண் பொய் சொல்லவில்லை என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது.

மழை வலுத்தது. கயிறு தண்ணீரைக் குடித்து ஊறியது. ஒரு முரட்டுத் தண்டில் கத்தி சிக்கி நின்றபோது கை நிற்கவில்லை. வழுக்கி முன்னே ஓடியது. தடுக்க ஒன்றும் இல்லாததால் சுட்டுவிரல் நேராக அலகின்மேல் போய் உட்கார்ந்தது. போட்டிருந்த தோல் கையுறை கிழிந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. ஐந்து விரலும் இருக்கிற கை அது. சுண்டுவிரல் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்ததால்தான் அதோடு போயிற்று. எல்வுட்டின் கையை நினைத்தார். முள்ளை அப்படியே போட்டுவிட்டு, கத்தியோடு லாரியை எடுத்தார்.

எல்வுட் கொட்டகையில் செயின்சாவுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தக் கத்திய வாங்காத" என்றார் ஓரின், ஈரம் சொட்டச் சொட்ட. "நேத்து நான் சொன்னது பொய். அதால நான் ஒண்ணையும் வெட்டினதில்ல. இன்னிக்குத்தான் வெட்டினேன்."

"நீயா? வெட்டாமலா?" எல்வுட் சிரித்தான். "ஊரெல்லாம் நக்கல் அடிப்பியே! உன் வீட்டுலயே ஒரு பெட்டி ராணியா?"

"சிரிச்சுக்கோ. நனைஞ்சா கை முன்னால ஓடுது. உன் கைக்கு அது ஆகாது."

சிரிப்பு நின்றது. "என் கைக்கு என்னடா? இதே கையாலதான் உன் வீட்டுக் கூரைய மாத்தினேன். எது ஆகும், எது ஆகாதுன்னு நீ சொல்ல வேண்டாம்."

ஓரின் வாதாடவில்லை. வாசலில் மழைநீர் நிரம்பியிருந்த வாளியில் கத்தியின் பிடியை முக்கி எடுத்து நீட்டினார். "அப்ப நீயே பிடிச்சுப் பாரு. வெட்டாத. அந்தக் கட்டையில குத்தி அழுத்து, போதும். மெதுவா."

எல்வுட் முறைத்தான். வாங்கினான். நுனியைக் கட்டையில் ஊன்றி அழுத்தினான். கை பிடியை விட்டு முன்னே நகர்ந்தது. இன்னொரு முறை, இறுக்கிப் பிடித்து. மறுபடி நகர்ந்தது. அலகுக்கு ஒரு நூல் இடைவெளியில் அவனே நிறுத்திக்கொண்டான்.

"நல்ல எஃகுதான்" என்றான் கடைசியில், கத்தியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தபடி.

"ரொம்ப நல்ல எஃகு."

"வேற எவனாவது உன்னை நம்பி வாங்கித் தொலைக்கப் போறான். போய் எழுது." அரத்தைக் கையில் எடுத்தான். "என் விரல எண்ணாம எழுதணும், கேட்டியா?"

வீட்டுக்கு வந்த ஓரின், விரலில் சுற்றிய துணியோடு அந்த இணையப் பக்கத்தில் ஒற்றைக் கையால் எழுத்தெழுத்தாகத் தட்டினார். வெட்டைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிடி நனைந்தால் நம்பாதீர்கள், தடுப்பு இல்லை, என் கை வழுக்கியது, விரலில் வெட்டு விழுந்தது. அங்கே நிறுத்தி, பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த நேவாவைப் பார்த்தார்.

"போதுமா?"

"வெட்டிப் பாக்காமலே ஒருத்தர்கிட்ட நல்ல கத்தின்னு சொன்னது?"

ஓரின் பெருமூச்சு விட்டார். அதையும் தட்டினார்.