மிச்சம் ஒரு முழக் கயிறு

போன வருடம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திண்டுக்கல்லிலிருந்து ஆத்தூர் போகிற வழியில், தார்ச்சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு மொட்டைக் கரடு இருக்கிறது. நானும் என் தோழியும் பாறை ஏறிப் பழகுவது அங்கேதான். கல்லூரியில் பிடித்த பைத்தியம். வேலைக்குப் போன பிறகும் தெளியவில்லை.

அதற்கு முந்தைய மாதம் இரண்டு நாள் பயிற்சி முகாமுக்குப் போயிருந்தோம். பாறையில் மாட்டிக்கொண்டால் யாரையும் எதிர்பார்க்காமல் நம்மை நாமே மீட்டுக்கொள்வது எப்படி என்பதுதான் பாடம். முதல் நாள் முழுக்க முடிச்சு, முடிச்சு, முடிச்சு! அதிலும், கயிற்றின் கடைசி முனையில் ஒரு தடுப்பு முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் மற்ற எதையும் தொட வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எதையும் ஒரு தடவை சொன்னால் போதும். இரண்டாம் தடவை சொன்னால் எரிச்சல் வந்துவிடும். தோழி நேர் எதிர். நோட்டில் படம் வரைந்தாள். திரும்பி வரும்போது பஸ் கம்பியில்கூட முடிச்சுப் போட்டுப் பார்த்தாள். "போதும்டி, பார்சல் கட்டவா போறோம்?" என்று கேலி செய்தேன்.

அன்றைய திட்டம் எளிது. அவள் கரட்டின் பின்பக்கச் சரிவில் நடந்து உச்சிக்குப் போய், அங்கிருந்த இரும்பு வளையத்தில் கயிற்றைக் கோத்து, ஒரு முனையைத் தன் இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்வாள். மறுபாதி கீழே என்னிடம் வரும். என் இடுப்பிலுள்ள கருவி வழியாக அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அவளை இறக்க வேண்டும். வலது கையால் கயிற்றை அழுத்திப் பிடித்தால் அவள் நிற்பாள். கையை விட்டால் விழுவாள். ஒரு முறை இறங்கிப் பார்த்த பிறகு, சுருக்குக் கயிறுகளை வைத்துத் தானே மேலேறும் வித்தையைப் பழகுவதாக இருந்தோம். அந்தச் சுருக்குக் கயிறுகள் பைக்குள் இருந்தன. பை கீழே இருந்தது.

மேலிருந்து கத்தினாள். "முனையில முடிச்சு போட்டியாடி?"

போடவில்லை. காலடியில் கயிறு குவியலாகக் கிடந்தது. நாற்பது மீட்டர் கயிறு, பாறையோ இருபது மீட்டருக்கு உள்ளேதான். குனிந்து முனையைத் தேட அலுப்பு. "போட்டாச்சு, வா!" என்றேன்.

இறக்க ஆரம்பித்தேன். பாதி தாண்டி, முக்கால் தாண்டி வந்துகொண்டிருந்தாள். திடீரென்று கணுக்காலில் ஏதோ உரசியது. எறும்பென்று நினைத்துக் குனிந்தால், கயிற்றின் முனை! தரையை விட்டு எழும்பி ஆடிக்கொண்டிருந்தது. இறுக்கிப் பிடித்தேன். என் கைக்குக் கீழே மிச்சம் ஒரு முழம். அவளோ இரண்டு ஆள் உயரத்தில். அவளுக்குக் கீழே உடைகற்களும் கருவேல முள்ளும்.

அப்போதுதான் உறைத்தது. முனை நைந்து போயிருந்தது என்று முந்தின மாதம் நான்கு மீட்டரை வெட்டி எறிந்தவள் நான்தான். இருபதை இரண்டால் பெருக்கத் தெரிந்த எனக்கு, நாற்பதிலிருந்து நான்கைக் கழிக்கத் தோன்றவில்லை.

"ஏண்டி நிறுத்திட்ட?"

"கயிறு பத்தல."

அவள் பதறவேயில்லை. "அதான் முனையில முடிச்சு இருக்குல்ல? அது கருவியில வந்து முட்டி நின்னுக்கும். கைய விட்டுட்டு நிதானமா யோசி."

என் மேல் அவ்வளவு நம்பிக்கை. "முடிச்சு இல்லடி. பொய் சொன்னேன்."

"யா அல்லா" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இடது கையால் முடிச்சுப் போட முயன்றேன். வலது கை வியர்வையில் வழுக்கி, முழம் முக்கால் முழமானது. அதோடு அந்த முயற்சியை விட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இருவர் பைகளிலும் போன்கள் மாறி மாறி அடித்தன. எங்கள் இட்லிப் பொட்டலத்தை ஒரு காக்கை சாவகாசமாகப் பிரித்தது. விரட்டக்கூடக் கையில்லை.

எவ்வளவு நேரம் போனதோ, பக்கத்து மண்பாதையில் மொபெட் சத்தம் கேட்டது. முன்னால் ஒரு மூட்டை சம்பங்கியுடன் ஓர் அக்கா பூ மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். கத்திய கத்தலில் நிறுத்திவிட்டு வந்தார்.

"ரீல்ஸா? கேமரா எங்க?"

"அக்கா, கைய எடுத்தா அவ செத்துருவாக்கா. இந்த முனையில ஒரு முடிச்சு போடுங்க. எட்டு மாதிரி வரணும். முதல்ல ஒரு வளையம்... பின்னாடி சுத்தி... இல்ல, முன்னாடி..."

ஒரு தடவை சொன்னால் போதும் என்ற எனக்கு, அந்த முடிச்சு வரவில்லை! மேலிருந்து தோழி திருத்தினாள். நான் மறுத்தேன். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏத்தா, முடிச்சு விழுகணும், அம்புட்டுத்தானே? எட்டா இருந்தா என்ன, ஒம்பதா இருந்தா என்ன? வெயில் ஏறுனா என் பூ வாடிரும்."

பூ மூட்டையின் வாயைக் கட்டும் வேகத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று முடிச்சுகள் போட்டு, என் பாதத்தில் தன் காலை முட்டுக்கொடுத்து இழுத்து இறுக்கினார். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி.

அடுத்தது தோழியின் யோசனை. பக்கத்தில் ஒன்றரை ஆள் உயரத்துக்கு ஒரு சரிவுப் பாறை கிடந்தது. நான் அதன் மேல் எவ்வளவு ஏறுகிறேனோ, அவ்வளவு அவள் கீழே வருவாள். ஆனால் ஏறுவதற்கு இரண்டு கையும் வேண்டும். முகாமில் சொல்லித்தராத அந்த முடிச்சை நம்பிக் கையை விட வேண்டும்.

"விடுடி" என்றாள் தோழி.

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கயிறு சரக்கென்று வழுக்கி, டக்கென்று நின்றது. முடிச்சு பிடித்துக்கொண்டது.

நான்கு காலால் ஏறுவதுபோலத்தான் அந்தப் பாறையில் ஏறினேன். அவள் இறங்கிக்கொண்டே வந்தாள். அப்போதும் இடுப்பளவு உயரம் குறைந்தது. அக்கா முணுமுணுத்துக்கொண்டே மொபெட்டை உருட்டி வந்து அவளுக்குக் கீழே நிறுத்திப் பிடித்தார். "சீட்டுல காலை வையி. பூவு மேல மிதிச்ச, உன்னைய மறுபடி தொங்க விட்டுருவேன்!" தோழி சீட்டில் நின்று, கொக்கியைக் கழற்றிவிட்டுத் தரையில் இறங்கினாள். நாங்கள் நன்றி சொல்லி முடிப்பதற்குள், "வேல வெட்டியில்லாத கழுதைக" என்றபடி அக்கா கிளம்பிவிட்டார். பேர்கூடக் கேட்கவில்லை.

தோழி என்னிடம் வந்தாள். அறைவாள் என்று நினைத்தேன். அந்த முடிச்சைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதையாவது போட்டுட்டு, 'போட்டாச்சு'ன்னு சொல்லியிருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறும் வந்தாள். ஆனால் அன்றிலிருந்து என்னிடம் கேட்பதில்லை. மேலே போவதற்கு முன் முனையைத் தானே தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள்.

எனக்கு இன்னும் அவசரம் குறையவில்லை. ஆனால் அலுவலகத்தில் யாராவது "சரிபார்த்துட்டியா?" என்று கேட்டு, "பார்த்தாச்சு" என்ற சொல் நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம், என் வலது கை தானாக ஒரு முழக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.