சொதியை மறுபடி கேட்டவர்

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க சம்மந்தி" என்று என் மாமனார் கேட்ட அந்த நொடியை இன்றைக்கும் என்னால் அப்படியே சொல்ல முடியும். பந்தியில் முப்பது நாற்பது பேர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒருவர் மட்டும் சோற்றின் நடுவே குழி செய்து, தலையை நிமிர்த்தாமல் கேட்டார். முதல் நாள் கட்டிய தாலிக் கயிற்றின் மஞ்சள் கழுத்தில் ஒட்டியிருக்க, கூடத்துக் கதவை ஒட்டி நான் நின்றிருந்தேன். வாளியும் கரண்டியுமாக அவருக்கு எதிரே நின்ற அப்பாவின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

அறுபதுகளின் கடைசி அது. நான் திருநெல்வேலிக்காரி. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிச் சாப்பாடு போடாவிட்டால், கல்யாணம் நடந்ததாகவே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தேங்காயை மூன்று முறை பிழிந்து பால் எடுத்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவிட்டு, பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் சேர்த்து, கடைசியில் முதல் பாலை ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும். மிளகாய்ப் பொடி கிடையாது, புளி கிடையாது. நாலு பச்சை மிளகாய், கொஞ்சம் இஞ்சி, இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம், அவ்வளவுதான். அன்றைக்கு அப்பா விடியும் முன்பே எழுந்து தேங்காயை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பொறுக்கினார். பரிமாறவும் ஆளை விடாமல் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் நெல் விவசாயம் செய்கிறவர்கள். ரயிலில் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து வந்திருந்தார்கள். இலையில் சொதி விழுந்ததும் மாமனாரின் தங்கை, என் கணவருக்கு அத்தை, கையை இழுத்துக்கொண்டார். "இன்னா இது, அம்மை எறங்குன ஊட்டுக் கொழம்பாட்டம் கீது? கல்யாண ஊட்டுல இதையா போடுவாங்க?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் கூடம் முழுக்கக் கேட்டது. அவர்கள் ஊரில் வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் கடுகு வெடிக்கக் கூடாது, மிளகாய் அடுப்பங்கரைக்குள் நுழையக் கூடாது. வெளுத்த குழம்பைப் பார்த்தால் அவர்களுக்கு வேப்பிலைதான் ஞாபகம் வரும். பொண்ணு மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு நான் மனசுக்குள் அந்த அத்தையைத் திட்டாத திட்டு இல்லை.

அப்போதுதான் மாமனார் மறுபடி கேட்டார். ஊற்றியதைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு மூன்றாவது தடவையும் கேட்டார். "சாப்டுங்கபா, நல்லாத்தான் கீது" என்று பந்தியைப் பார்த்துச் சொன்னார். பெரியவரே சாப்பிடும்போது மற்றவர்கள் என்ன செய்வார்கள்? ஒவ்வொருவர் கையாக இலைக்குப் போனது. அத்தைகூட இரண்டு வாய் சாப்பிட்டார். நான் மானம் தப்பியது என்று மூச்சு விட்டேன்.

புகுந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் மாமனாரின் நாக்கு எப்படிப்பட்டது என்று பார்த்தேன். ஆந்திரா எல்லை நடந்து போகிற தூரம். அந்தக் காரமெல்லாம் இவர் இலைக்கு வந்துதான் இளைப்பாறும். தயிர்ச்சோற்றுக்கு மிளகாய்த் துவையல், மோருக்கு மோர்மிளகாய், வெறும் சோற்றுக்கும் கடித்துக்கொள்ள ஒரு மிளகாய். நெற்றி வேர்க்காவிட்டால் சாப்பிட்ட கணக்கே இல்லை. அப்படிப்பட்டவருக்கு எங்கள் ஊர்ச் சொதி இவ்வளவு பிடித்துப்போயிற்றே என்று எனக்கு ஒரே பெருமை. அதனால் வெள்ளிக்கிழமை தவறாமல் அவருக்குச் சொதி வைத்தேன். மாமியார் காலமாகிப் பல வருடம் ஆகியிருந்தது. அந்த அத்தைதான், புருஷனை இழந்தவர், அண்ணன் வீட்டோடு இருந்து அடுப்பைக் கவனித்தார். ஒரு பக்கம் அவர் கத்தரிக்காய் போட்டுச் சிவக்கச் சிவக்கக் காரக்குழம்பு வைப்பார், மறுபக்கம் நான் பால் பிழிவேன். "உன் வெள்ளக் கொழம்ப உங்க மாமனாராண்டயே வெச்சிக்கோம்மா, எங்க பக்கம் வராத" என்பார். நானும் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன். "உங்க குழம்பைச் சாப்பிட்டா கூரை பத்திக்கும் அத்தை" என்பேன்.

ஒரு வருடம் இப்படியே போயிருக்கும். களையெடுக்க வந்த அம்மாள் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "வெள்ளிக்கெழம ஆனா பெரியவரு சாப்ட கையோட பம்புசெட்டாண்ட வந்துடுறாரும்மா. எங்க கூழுக்கு வெச்சினு கீற மொளகாய வாங்கி ரெண்டு கடிச்சாத்தான் அவருக்கு உசுரே வருது." எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் சுருங்கிப்போயிற்று. அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையும் சொதி வைக்காமல் விட்டேன். மூன்றாவது வெள்ளிக்கிழமை காலையில் அவரே தேங்காயை உரித்துக் கொண்டுவந்து அடுப்பங்கரை வாசலில் வைத்தார். "இன்னாம்மா, சொதியே காணும்? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றார். பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். தேங்காயை எடுத்துத் துருவ உட்கார்ந்தேன்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய பாரம் ஒன்று இருந்தது. அப்பா என் வீட்டுக்கு வரவே இல்லை. பிரசவத்துக்கு நான்தான் திருநெல்வேலிக்குப் போனேன். பொங்கல் சீரை என் தம்பியிடம் கொடுத்தனுப்பினார். கூப்பிடும்போதெல்லாம் கார்டில் ஒரு காரணம் வரும். கால் வலி, ரயிலில் இடமில்லை, ஊர்க் கோயிலில் கொடைத் திருவிழா. ஆறு வருடம் இப்படிப் போனது. அன்றைய பேச்சு அப்பாவைத் தைத்துவிட்டது, அவமானப்படுத்திய வீட்டுப் படியை மிதிக்க மாட்டார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு அப்பா வரவில்லை என்றால் ஊர் கேட்காதா? கேட்டது. என் கணவரிடம் சண்டை போட்டேன், அத்தையிடம் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமனார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுப்பு முடிந்த சமயம், மோட்டாருக்குச் சாமான் வாங்க மெட்ராசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். இரண்டு இரவு வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் ஊத்துக்கோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கினார், அவருக்குப் பின்னால் பழைய தோல் பையோடு என் அப்பா. "சாமான் கெடச்சிதுமா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார். நான் வாசலிலேயே அழுதேன்.

மறுநாள் அப்பாவுக்காகச் சொதி வைத்தேன். அப்பாவுக்கு மிளகு ரசமே காரம். இரண்டு சம்பந்திகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் சொதிக் கிண்ணத்தோடு வந்தபோது அப்பா இலையைக் கையால் மறைத்துக்கொண்டார். "அதைச் சம்பந்திக்கு ஊத்தும்மா. எனக்கு அத்தை வச்ச குழம்பு வேணும்" என்றார். அத்தை தயங்கித் தயங்கி அரைக் கரண்டி விட்டார். இரண்டாவது கவளத்தில் அப்பாவுக்கு விக்கல் எடுத்தது. காது சிவந்து கண்ணில் நீர் கொட்டியது. துண்டால் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்" என்றார். "போதுங்க சம்மந்தி, வவுறு இன்னாத்துக்கு ஆவும்?" என்று அத்தை பதறிப்போய், குழம்புச் சட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கெட்டித் தயிரும் வெல்லமும் கொண்டு வந்து வைத்தார். அப்பா விடவில்லை, கேட்டு வாங்கித்தான் சாப்பிட்டார். பக்கத்தில் என் மாமனார் சொதியைப் பிசைந்துகொண்டிருந்தார்.

இப்போது எனக்கு எண்பது நெருங்குகிறது. எங்கள் பக்கத்துப் புதுவாயல் சாலையில் இருக்கிற ஓட்டல்களில் தேங்காயும் முந்திரியும் அரைத்த வெள்ளைக் குருமாவுக்குக் கம்பெனி ஆட்கள் காத்து நிற்கிறார்கள். காரம் வேண்டுமென்றால் தனியாக ஒரு சட்னி, யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. நல்லதுதான். ஆனால் இன்னொருவருக்காகத் தன் நாக்கை அடக்கிக்கொண்டு சாப்பிட்ட இரண்டு பேரை ஒரே பந்தியில் பார்த்தவள் நான். அந்தக் கொடுப்பினை எத்தனை பெண்களுக்குக் கிடைக்கும்?

அந்தத் தடவை அப்பா ஊருக்குத் திரும்பியபோது பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். "இத்தனை வருஷமா கோவமாப்பா?" என்று கேட்டேன். அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கோவமா? யார் மேல? உங்க மாமனாருக்குச் சொதி தொண்டையில இறங்கலம்மா. எதிர்ல நின்னவன் நான், எனக்குத் தெரியாதா? எனக்காக அந்த மனுசர் மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டாக. அவுகளுக்கு நான் என்ன செஞ்சேன்? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்த வீட்டுல வந்து கை நனைப்பேன்?" என்றார்.

வீட்டுக்கு வந்து மாமனாரிடம் அப்படியே சொன்னேன். "ஏன் மாமா சாப்பிட்டீங்க? பிடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன். அவர் வைக்கோல் பிரி திரித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே சொன்னார்.

"ருசி யாரும்மா பாத்தா? எங்க தங்கச்சி அந்த வார்த்தைய சொன்னதும் உங்கப்பா கையில பக்கெட்டு ஆடிச்சி. கொழம்பு அவரு கால்லயே சிந்துது, அது சுட்றதுகூட அவருக்குத் தெரியல. பாரம் கொறஞ்சா கை நிக்குமேன்னு ஊத்தச் சொன்னேன்."