லெப்டொப்புக்கு வந்த காய்ச்சல்

என் மகளின் கணவர் கொழும்பில் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தபோது தோளில் உடுப்புப் பை இருந்தது. ஒரு கையால் ஒரு லெப்டொப்பை நெஞ்சோடு அணைத்திருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி மழையில் ஏறி வந்தவர் தன் தலை நனைவதைப் பார்க்கவில்லை, மற்றக் கையால் லெப்டொப்புக்குத்தான் குடை பிடித்திருந்தார். சாதாரண லெப்டொப் இல்லையாம், விளையாடுவதற்கென்றே செய்ததாம். தலையில் நரை விழத் தொடங்கிய ஆம்பிளைக்கு விளையாட்டுச் சாமான்.

வேலையை ஏன் விட்டார் என்று மகளிடம் கேட்டேன். இனி விளையாடியே சம்பாதிக்கப் போகிறாராம். கொழும்பு வெக்கையில் லெப்டொப்புக்குள் இருக்கிற கிராபிக்ஸ் கார்ட் கொதித்துப்போகிறதாம். நம்ம மலையே ஒரு ஏசிதானே என்று சொன்னாராம். இந்தக் குளிரைத் தாங்க முடியாமல் கொழும்புக்கு ஓடிய எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். ஒரு மிசினுக்குக் குளிர் தேடி மலையேறி வந்தவரை அப்போதுதான் பார்த்தேன்.

திரையில் ஓடுகிற படத்தையெல்லாம் அந்தக் கார்ட்தான் வரைந்து தள்ளுகிறது, உழைக்க உழைக்கச் சூடேறும் என்று மகள் விளங்கப்படுத்தினாள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எனக்கு விளங்கியது அவ்வளவுதான். கொழுந்து பறித்த காலத்தில் எங்களுக்கும்தான் உடம்பு சூடேறியது. ஒருத்தரும் விசிறி பிடிக்கவில்லை.

இவர் பிடித்தார். நீல வெளிச்சம் போடுகிற விசிறிப் பலகை ஒன்றை வாங்கி அதன்மேல் லெப்டொப்பை வைத்தார். முன்வாசலையும் ஜன்னலையும் திறந்துவிட்டார், பனி உள்ளே வந்து பாயில் படுத்தது. திரையின் மூலையில் கார்டின் சூட்டைக் காட்டும் இலக்கம் ஒன்று ஓடும். "எண்பத்தஞ்சு… எண்பத்தேழு…" என்று அவர் வாசிப்பதைக் கேட்டால் ஆஸ்பத்திரியில் யாருக்கோ காய்ச்சல் பார்ப்பது போல இருக்கும். என் மகள் மெய்யாகவே காய்ச்சலில் படுத்திருந்த அன்றும் அவர் அந்த இலக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் முகம் பார்த்து மாமியார் பேசுவது எங்களுக்குள் குறைவு. நானோ யாரிடமும் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வேன். அவள் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறாள், தோட்டத்துத் தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது விட்டுப்போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். அவள் வீட்டில் இல்லாவிட்டால் பானையிடம் சொல்வேன். பானையிடம் சொன்னால் அவருக்கும் கேட்கும்.

வாசலைத் திறந்து வைத்தும் இலக்கம் இறங்கவில்லை. அப்போதுதான் அவர் கண் என் அடுப்பில் விழுந்தது. அவர் விளையாடுகிற காம்பராவுக்கும் குசினிக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரோடு ஒட்டித்தான் அடுப்பு. நான் இரண்டடி தள்ளி நிற்கும்போதே மகளைப் பார்த்துச் சொன்னார்.

"அத்தைக்குச் சொல்லு, பின்னேரத்துல அடுப்பு மூட்ட வேணாம். சுவத்துச் சூடுதான் கார்டுக்கு ஏறுது."

மகள் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கம்மா என்று பிறகு மெல்லக் கேட்டாள். பொறுத்துக்கொண்டேன். பின்னேரம் ரொட்டி சுடுவதும் தேத்தண்ணி வைப்பதும் கேஸில் என்று ஆனது. கேஸ் ரொட்டியைச் சுடும், என்னைச் சுடாது. வருசக்கணக்கில் ஈரக் கொழுந்தைக் கிள்ளிய விரல்கள் பின்னேரமானால் மடங்காது. அந்த அடுப்பு முன்னால் உட்கார்ந்து விரித்துப் பிடித்தால்தான் அவை மறுபடி என் விரல்களாகும். அணைத்துப்போட்ட அடுப்பு முன்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் எண்பத்தெட்டு என்று சத்தம் கேட்டது. அடுப்பு எரியாதபோது எண்பத்தெட்டு. அது அவர் மண்டைக்கு ஏறவில்லை.

சுவர் பகலில் குடித்த சூட்டைப் பின்னேரம் கக்குகிறதாம். அதனால் அடுப்பையே இடித்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமை கொத்து வேலை செய்கிற மேசன் பாஸ் வருவார் என்றார். அந்த இடத்தில் ராக்கை அடித்துத் தருகிறாராம், நான் சாமான் அடுக்கலாமாம்.

இத்தனைக்கும் நடுவே வெள்ளிக்கிழமைப் பூசை ஒன்று நடந்துகொண்டிருந்தது. சரஸ்வதி பூசைக்குத் தொழில் சாமானுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது எல்லா லயத்திலும் உள்ளதுதான். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திக்கு வைப்போம், த்ரீவீலுக்கு வைப்போம். இவர் லெப்டொப்புக்கு வைத்தார், சரி. அதோடு விட்டாரா? வெள்ளிக்கு வெள்ளி காலையில் அதை ஓடவிட்டு, என் அடுப்புக் கங்கில் சுற்றிச் சுற்றிச் சாம்பிராணி காட்டுவார். காற்றுப் போகிற கீறல்களின் மேல் ஒரு சிட்டிகை விபூதி போடுவார். உள்ளே விசிறி இழுத்ததும் விபூதி மறைந்துவிடும்.

"பாத்தியா, சாமி ஏத்துக்கிச்சு" என்பார் மகளிடம்.

அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தின் நடுவே லெப்டொப் தானாக அணைந்தது. சோறுகூடத் தின்னாமல் மகளையும் இழுத்துக்கொண்டு ஹட்டன் டவுனுக்கு ஓடினார். கடையில் கழற்றிப் பார்த்தார்களாம். விசிறிக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவே சாம்பலும் சாம்பிராணிப் பிசினும் சேர்ந்து அடைபோல் இறுகிக் கிடந்ததாம். திருத்துகிறவர் அதைச் சுரண்டிக் கடுதாசியில் கொட்டிவிட்டு, "அண்ணே, இது கம்பியூட்டரா, கோயில் மாடமா? உள்ள ஒரு வெளக்கும் வச்சிருக்கலாமே" என்று கேட்டாராம். அடுப்புக் கரியும் கொஞ்சம் இருந்ததாம், அதை நான் மறுக்கவில்லை. குசினி உள்ள வீட்டில் கரி இருக்கும்.

மகள் சிரித்துச் சிரித்து அழுதாள். துடைத்து, கார்டின் சூட்டை இழுக்கிற புதுப் பசை பூசிக் கொண்டுவந்த லெப்டொப் அன்று எழுபதைத் தாண்டவில்லை. அதோடு மேசன் பாஸை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால், தான் முன்பு சொன்னது பிழை என்று ஆகிவிடுமே. "என்ன இருந்தாலும் அடுப்பும் ஒரு காரணம்தான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே அடுப்பை மூட்டினேன். பெரிய சவுக்குக் கட்டையாக வைத்தேன். மேசன் பாஸ் கடப்பாரையோடு குசினிக்குள் வந்து நெருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த லயத்துக்காரர். அக்கா, தீ எப்ப அணையும் என்று கேட்டார். நான் தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்துவிட்டு இன்னொரு கட்டையைத் தள்ளினேன்.

"தண்ணிய ஊத்தி அணைங்க பாஸ்" என்றார் மாப்பிள்ளை, வாசலில் நின்று.

"எரியிற அடுப்புல தண்ணி ஊத்தி இடிக்க நம்மளால ஆகாது தம்பி. வீட்டுக்கு ஆகாத வேல அது."

அப்போது நான் பேசினேன். பானையைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் முகத்தைப் பார்த்து நான் பேசிய முதல் பேச்சு அது.

"இத இடிச்சிட்டா, உங்க மிசினுக்குச் சாம்பிராணி போட வெள்ளிக்கிழம கங்கு எங்க வாங்குவீங்க, மாப்பிள்ள?"

மேசன் பாஸுக்குத் தேத்தண்ணி புரையேறியது. ஹட்டன் கதை அதற்குள் லயம் முழுக்கப் போயிருந்தது. மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேசன் பாஸ் குடித்து முடித்துப் போனார். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை லெப்டொப்பையும் விசிறிப் பலகையையும் தூக்கிக்கொண்டு வெளியே இஸ்தோப்புத் திண்ணைக்குப் போனார். அடுப்புச் சூடு எட்டாத இடமாம். வயரை ஜன்னல் வழியாக இழுத்துக்கொண்டார். தேயிலை மலைக்கு மேலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. அதை அவரும் பனியும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

நான் எழுந்து போய் முன்வாசலைச் சாத்தினேன்.