வாளிக்குள் ஒரு கால்

"செருப்பக் கழட்டிட்டு ஏறுங்கக்கா, கீழ விரிச்ச மேட்டு புதுசு" என்றான் தம்பியின் சிநேகிதன். ராஜபாளையத்தில் நேற்றுதான் எடுத்த கார். சுற்றி நின்றவர்கள் மைலேஜ் பேசிக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்ததும் சீட்டின் பிளாஸ்டிக் உறை வாடை முகத்தில் அடித்தது.

அப்பாவின் அம்பாசடரிலும் இதே வாடைதான். சீட் உறையை அவர் கடைசிவரை பிரிக்கவே இல்லை. நான் மூன்றாவது படிக்கையில், அரிவாள்மணை சரிந்து அம்மாவின் பாதத்தைக் கிழித்துவிட்டது. அப்பா சாவியோடு ஒரு வாளியையும் எடுத்து வந்தார்.

"கால இதுக்குள்ள வச்சுக்கிட்டு ஏறு. மேட்டுல ரத்தம் படப்படாது."

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வரை அம்மா அந்த வாளியை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தாள்.

பிறகு காரைப் பற்றிப் பேச யார் வந்தாலும் அப்பாவுக்கு இந்தக் கதைதான். "ரோட்டுல எம்புட்டுப் பள்ளம்! ஒரு சொட்டு சிந்தாம ஓட்டுனேன்ல!" என்பார். "அண்ணாச்சி கைப்பக்குவம் யாருக்கு வரும்!" என்று அவர்கள் சிரிப்பார்கள். காபி கொண்டுவரும் அம்மாவின் காலை ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை.

இப்போது வாசலில் மழைச் சேறு கிடந்தது. அதை நன்றாக மிதித்துவிட்டுச் செருப்போடு ஏறினேன்.

"அக்கா, மேட்டு!" என்று அலறினான்.

"சேறுதானலே, ரத்தமா? தொடச்சாப் போயிரும்" என்றேன்.